திறந்து கிடக்குற வண்டி

அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க தம்பி, ஒரு கால் ஆடும். இந்தா, இந்த டயர் மேல உக்காருங்க. பேப்பர் போட்டிருக்கேன், கரி ஒட்டாது. இன்னும் கொஞ்ச நேரந்தான். சக்கரத்த மாட்டி வண்டியத் தரையில எறக்கி, போல்ட்ட எல்லாம் இறுக்கிட்டா சாவியக் கையில குடுத்துருவேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நீங்க பெரியகுளம் தாண்டிருவீங்க. கூட்டாளிங்க கொடைக்கானல்ல காத்துக் கெடக்காங்கன்னு காலையிலேர்ந்து போன் மேல போனாப் பேசுறீங்களே, எனக்குக் கேக்காதா என்ன?

நேத்தே முடிஞ்சிருக்க வேண்டிய சோலிதான். கோவிச்சுக்காதீங்க. புது ஸ்பிரிங் பட்டை, அதத் தாங்குற நீளச் சாக்கிள், ஷாக் அப்சார்பர்னு பெட்டி பெட்டியாக் கொண்டாந்து எறக்கி, ஜீப்ப ரெண்டு இஞ்சி ஒசத்தி விடுங்கண்ணே, பாறையில ஏத்தணும்னு சொல்லிட்டீங்க. ஒசத்துறது பெரிய வேலையே இல்ல தம்பி. பழசக் கழட்டுறதுதான் வேலை. அதுலயும் இது கடக்கரை வண்டி. ராமநாதபுரத்துப் பக்கம் ஓடுன வண்டிய வாங்குறதுக்கு முந்தி ஏங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா, கைகூப்பி வேணாம்னு சொல்லியிருப்பேன். உப்புக் காத்து பெயிண்ட்ட ஒண்ணும் பண்ணாது. உள்ளுக்குள்ள போயி உக்காந்து இரும்பத் திங்கும்.

துரு எங்க புடிச்சிருந்துச்சுன்னு காட்டுறேன், குனிஞ்சு பாருங்க. பட்டை முனையில ஒரு வளையம் இருக்குல்ல? அதுக்குள்ள ரப்பர் புஷ். ரப்பருக்குள்ள ஒரு இரும்புக் குழா. அந்தக் குழாக்குள்ளதான் போல்ட்டு போகுது. துரு ஏறிச்சுன்னா போல்ட்டும் குழாவும் ஒண்ணாப் போயிரும். நட்டு அழகாக் கழண்டு வரும். ஆகா, சுளுவா முடிஞ்சிருச்சுன்னு நெனப்போம். போல்ட்டுல ஸ்பேனர் போட்டுத் திருப்புனா அதுவும் திரும்பும். திரும்புது திரும்புதுன்னு கைய எடுத்தோம்னா, விருட்டுன்னு பழைய எடத்துக்கே வந்துரும். போல்ட்டு திரும்பலை தம்பி, ரப்பர்தான் முறுக்கிக்கிட்டு இருந்திருக்கு. அனுபவம் இல்லாதவன் அரை நாள் அதத் திருப்பிக்கிட்டே கெடப்பான்.

ஒங்களுக்கு அவசரம். அதான் அறுத்துட்டேன். புஷ்ஷுக்கும் இரும்புக்கும் நடுவுல பிளேடை விட்டு இந்தப் பக்கம் ஒரு அறுப்பு, அந்தப் பக்கம் ஒரு அறுப்பு. நீங்க முக்குல போயி ஒரு சிகரெட்டப் புடிச்சுட்டு வர்றதுக்குள்ள பட்டை கீழ கெடந்துச்சா இல்லையா? ஒங்க பெட்டியிலயே புது போல்ட்டு இருந்துச்சு, மாட்டியாச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், நான் அறுக்குற ஆள் கெடையாது. போடியில யார வேணும்னாலும் கேளுங்க. காசிமாயன் பட்டறையில போல்ட்டு முழுசா வெளிய வரும். அறுக்குறது கையாலாகாதவன் வேலை.

டீயக் குடிங்க, ஆறிப்போகுது. டீ கொண்டாந்துச்சே, அது என் வீட்டுக்காரி, ஜெயக்கொடி. நான் அறுத்துக்கிட்டு இருக்குறப்ப அந்தத் தூண்கிட்ட வந்து நின்னா. நீங்க அப்ப இல்ல. டம்ளரக் கையில வச்சுக்கிட்டே நின்னா. சுடுமேன்னு கூட இல்ல. அறுத்த துண்டு டங்குன்னு தரையில விழுந்துச்சு. அதையே பாத்தா. அப்புறம் கீழ குனிஞ்சு அந்தத் துண்டக் கையில எடுத்தா, சூட்டோட. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு வச்சுட்டு, உள்ள போயிட்டா. இம்புட்டு வருசத்துல ஒரு நட்டக் கூடத் தொட்டுப் பாத்தவ இல்ல. பொம்பளைங்க மனசுல என்ன ஓடுதுன்னு யாரு கண்டா.

கேக்கவும் முடியாது. அவ ஏங்கூடப் பேசுறதில்ல. ஆமா தம்பி, நெசமாத்தான். ஆடியில நின்ன பேச்சு, இந்தா கார்த்திக வந்துருச்சு. சமைப்பா, சோத்தப் போட்டு வைப்பா, துணிய அலசிப் போடுவா. வாயத் தெறக்கமாட்டா. புள்ளகுட்டியும் இல்லையா, வீட்டுல இருக்குறது நாங்க ரெண்டே பேரு. சுவரப் பாத்துத் தும்முனாக் கூட சத்தம் பெருசாக் கேக்குது. ராத்திரி படுத்தா நெஞ்சு அடைக்குது. எந்திரிச்சு இங்க வந்து இந்த வண்டிகளுக்கு நடுவுல உக்காந்தாத்தான் மூச்சு வருது. எனக்கும் வலிக்கும்ல? நான் என்ன அப்படிப் பெரிய பாவம் பண்ணிட்டேன்?

நீங்களே சொல்லுங்க. நடந்ததச் சொல்றேன், நியாயத்தச் சொல்லுங்க.

மொதல்ல இதப் பாருங்க. அலமாரியில, சாமி படத்துக்குக் கீழ. எடுங்க, கையில புடிச்சுப் பாருங்க. கனக்குதுல்ல? இது முழுசா வந்த போல்ட்டு. ஒரு கீறல் இருக்கா? மரை ஒண்ணாவது போயிருக்கா? இது மாதிரி புடிச்ச போல்ட்ட என் சர்வீசுல நான் பாத்ததே இல்ல. ஆயுத பூசைக்கு எல்லா ஸ்பேனருக்கும் அவதான் சந்தனம் குங்குமம் வைப்பா. இந்த வருசம் எல்லாத்துக்கும் வச்சா, இதுக்கு மட்டும் வைக்கல. நானே வச்சுக்கிட்டேன்.

இது ஏலத்தோட்டத்து ஜீப்புல இருந்தது. மேல எஸ்டேட்டுக்கு உர மூட்ட ஏத்துற வண்டி. மழையில நனைஞ்ச உரம் இருக்கே, உப்பக் காட்டியும் மோசம். மொதலாளி நல்ல மனுசன். வண்டிய விட்டுட்டு, "மாயா, நான் ஊர்ல இல்ல, அடுத்த வாரந்தான் வருவேன், நீ மெதுவாப் பாரு"ன்னுட்டுப் போயிட்டாரு. ஒங்கள மாதிரிதான் அவருக்கும், பட்டைய மாத்தி ஒசத்தணும். தோட்டத்துப் பாதையில அடி தட்டுதுன்னு. மூணு போல்ட்டு அடுத்தடுத்து வந்துருச்சு. முன் பக்கம் எடது கை ஓரம், இந்த ஒண்ணு மட்டும் நின்னுக்கிச்சு.

அன்னைக்குக் காலையிலதான் மச்சினன் போன் பண்ணான், உத்தமபாளையத்துல இருந்து. எங்க மாமியா கொஞ்ச நாளாவே படுக்கையிலதான் இருந்துச்சு. "மச்சான், ஆத்தாவுக்கு இழுத்துக்கிட்டு இருக்கு. அக்காவ வெரசாக் கூட்டியாங்க, எல்லாரும் பால் ஊத்திட்டோம், அக்கா ஒண்ணுதான் பாக்கி"ன்னான். சரிடா, இந்தா கெளம்பிட்டோம்னேன். ஜெயக்கொடி அதுக்குள்ள சேலைய மாத்திக்கிட்டு, பைய எடுத்துக்கிட்டு இங்க வந்து நின்னுட்டா. இந்தா, நான் ஒங்கள உக்கார வேணாம்னேன்ல, அந்த ஸ்டூல்ல.

போயிருக்கலாந்தான். பஸ்ஸுல ஏறுனா ஒரு மணி நேரம். ஆனா வண்டி தெறந்து கெடக்கே தம்பி.

அது என்னன்னா, எனக்கு ஒரு பழக்கம். பழக்கம்னு கூடச் சொல்லக்கூடாது, சத்தியம்னு வச்சுக்கங்க. ஒரு வண்டியத் தெறந்துட்டேன்னா, திரும்ப மூடாம பட்டறைய விட்டு நகரமாட்டேன். நான் தொழில் கத்துக்கிட்ட பட்டறையில, மேஸ்திரி ஒருநா வண்டியப் பாதி தெறந்துபோட்டுட்டு வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிட்டாரு. போல்ட்டெல்லாம் கையால முடுக்கி விட்டிருந்தது. வண்டிக்காரன் வந்தான், வேலை முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டான். போடிமெட்டு வளைவுல பட்டை வெளிய வந்து வண்டி உருண்டுருச்சு. ரெண்டு பேரு போயிட்டாங்க. அவங்களப் பள்ளத்துல இருந்து தூக்குனவங்கள்ல நானும் ஒருத்தன். அன்னைக்கு முடிவு பண்ணது. இன்னைக்கு வரைக்கும் மீறல. கொழுந்தியா கல்யாணத்துக்கே, தாலி கட்டி முடிஞ்சு பந்திக் கடைசியிலதான் போயி நின்னோம். ஒரு வேனோட பின் ஆக்சில் தெறந்து கெடந்துச்சு. ஊரே சிரிச்சுச்சு. சிரிக்கட்டும், என் கை பட்ட வண்டி ஒண்ணு கூட இன்னைக்கு வரைக்கும் உருண்டதில்ல.

அவள மட்டும் அனுப்பியிருக்கலாமேன்னுதான கேக்கப்போறீங்க? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அதெப்படி தம்பி? நான் மூத்த மருமகன். சாகக் கெடக்குற மாமியாளப் பாக்கப் பொண்டாட்டி ஒத்தையில பஸ்ஸுல போயி எறங்குனா, "எங்க மாப்பிள்ள?"ன்னு நாலு பேரு கேக்கமாட்டாங்களா? முன்னாடி ஒருதரம் அப்படிப் போனா. மச்சினன் புது வீட்டுப் பால்காய்ச்சுக்கு, நான் வண்டியடியில கெடக்குறப்ப சொல்லாமக் கெளம்பிப் போயிட்டா. நான் அடிக்கல, வையல. கை நீட்டுற பழக்கமே எனக்குக் கெடையாது. பேச்ச மட்டும் நிறுத்திட்டேன். தையில நிறுத்துனவன் சித்திரை வரைக்கும் ஒரு வார்த்த பேசல. அவளா வந்து அழுது, இனிமே ஒத்தையில வாசப்படி தாண்டமாட்டேன்னு சொன்ன பெறகுதான் பேசுனேன். சொன்ன சொல்லு மாறாதவ. அதுல இருந்து சந்தைக்குக் கூட நான் இல்லாமப் போனதில்ல.

இப்ப அதே மருந்த எனக்கே குடுக்குறா பாருங்க.

சரி, கதைக்கு வர்றேன். அந்த ஸ்பேனர நீட்டுங்க, அது இல்ல, பெருசு. ஆங். அவகிட்டச் சொன்னேன், "அரை மணி நேரம். இந்தா வந்துரும். வந்ததும் பட்டைய மாட்டி மூடிட்டு, இந்த ஜீப்புலயே மாமியா வீட்டு வாசல்ல போயி எறங்குவோம்"னு. கெளரவமா இருக்கும்ல? அவ சரின்னு தலையாட்டுனா. மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து ஊத்துனேன். ஊறட்டும்னு விட்டேன். சுத்தியால தட்டித் தட்டிக் குடுத்தேன். மொதல்ல கழட்டக் கூடாது தம்பி, கொஞ்சம் இறுக்கணும். இறுக்குறப்ப துரு விடும். அப்புறம் கழட்டணும். இறுக்கு, கழட்டு, இறுக்கு, கழட்டு. பைப்பச் சொருகி ஏறி நின்னேன். ஸ்பேனர்தான் வழுக்குச்சு.

மச்சினன் மறுபடி போனு. "மச்சான் கெளம்பிட்டீங்களா? ஆத்தா கண்ணு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கு"ன்னு. கெளம்பிட்டோம்டான்னேன். ஒரு பேச்சுக்குத்தான். ஜெயக்கொடி, "நான் மட்டும் முன்னால போகவா, நீங்க பின்னால வாங்க"ன்னா. நான் அடியில படுத்திருந்தேன். "இந்தா வந்துருச்சு, அந்த லைட்டப் புடி"ன்னேன். லைட்டப் புடிச்சா. அந்தக் கொறை சொல்ல முடியாது அவள. குத்தவச்சு உக்காந்து, பொழுது சாயுற வரைக்கும் கை மாத்தி மாத்திப் புடிச்சா. நான் சொல்ற எடத்துலயே வெளிச்சம் விழுந்துச்சு.

கேஸ் வச்சு சூடு காட்டுனேன். இரும்பு செவந்துச்சு, உள்ள ரப்பர் பத்திக்கிச்சு. கரும்பொகை, அப்படி ஒரு நாத்தம். தண்ணியக் கொண்டாந்து ஊத்துனா. சேலையெல்லாம் கரி. நல்ல சேலை, அவ ஆத்தா எடுத்துக் குடுத்தது. போயி வேற மாத்திட்டு வான்னேன். வேணாம்னுட்டா. அப்ப எங்கூட்டுக்கு எதுத்தாப்புல இருக்குற அக்கா எட்டிப் பாத்து, "என்ன காசிமாயா, அங்க கெழவி உசுரப் புடிச்சுக்கிட்டு இருக்காம்ல, இவள அனுப்பக் கூடாதா"ன்னுச்சு. நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், "என்னக்கா பண்றது, அங்க அது போகமாட்டேங்குது, இங்க இது வரமாட்டேங்குது"ன்னு. அந்த அக்கா சிரிக்கல. இவளும் சிரிக்கல. மனசு லேசாகட்டுமேன்னுதான சொன்னேன்?

ஏன் தம்பி டீய வச்சுட்டீங்க? ஆறிப்போச்சா? வேற போடச் சொல்லவா? வேணாமா, சரி.

அறுத்திருக்கலாமேங்கிறீங்க. அன்னைக்கு அவளும் அதத்தான் கேட்டா. "வெட்டி எடுக்க முடியாதா?"ன்னு. அவளுக்கு என்ன தெரியும் தொழிலப் பத்தி? "அதெல்லாம் முடியாது"ன்னுட்டேன். முடியாதுன்னா, எனக்கு முடியாதுன்னு அர்த்தம். பிளேடு இருந்துச்சு. அலமாரியில புது போல்ட்டும் இருந்துச்சு. ஆனா விடிஞ்சதுல இருந்து மல்லுக்கட்டிட்டு, கடைசியில பிளேட எடுத்தா அது என்ன பொழப்பு? அந்த போல்ட்டு என்னப் பாத்துச் சிரிக்கும் தம்பி. அப்படித்தான் இருந்துச்சு எனக்கு. அத விட்டுட்டு என்னால நகர முடியல. போகவும் முடியல, முடிக்கவும் முடியல. அடியில படுத்துக்கெடக்குறப்ப, ஜீப்பே எம்மேல எறங்கி உக்காந்த மாதிரி இருந்துச்சு. அவளும் நானும் ஒரே வண்டிக்கடியிலதான கெடந்தோம் அன்னைக்கு?

வெளக்கு வைக்கிற நேரம். கடைசியா ஒரு தடவ சூடு காட்டி, தலையில மட்டும் தண்ணிய அடிச்சு, பைப்பப் போட்டு ஒரு இழு இழுத்தேன். கிரீச்சுன்னுச்சு. யம்மாடி, அந்தச் சத்தம் இருக்கே! ஒடம்பெல்லாம் சிலுத்துருச்சு. மறுபடி ஒரு இழு. ரப்பர் முறுக்கல, திரும்பி வரல. போல்ட்டு தனியாச் சுத்துச்சு. "வந்துருச்சுடீ!"ன்னு கத்துனேன். வெளிய எந்திரிச்சு வந்து பாக்குறேன், இவ போனக் காதுல வச்சுக்கிட்டு நிக்கிறா. லைட்டு இன்னும் கையில எரியுது. மச்சினன் அழுற சத்தம் எனக்கே கேட்டுச்சு. அந்த நேரம் பாத்தா அது நடக்கணும்?

நான் ஒண்ணும் கல்லு நெஞ்சுக்காரன் இல்ல தம்பி. எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. எம்மேல பாசமா இருந்த கெழவி. "அழாத, இந்தாக் கெளம்பிருவோம்"னு சொல்லிட்டு, மடமடன்னு புதுப் பட்டைய ஏத்தி, புது போல்ட்டப் போட்டு, சக்கரத்த மாட்டி எறக்குனேன். வண்டி தரையில நின்னு முழுப் பாரமும் எறங்குன பெறகுதான் கடைசி இறுக்கு இறுக்கணும். அந்தரத்துல தொங்குறப்பவே இறுக்குனா, ரப்பர் முறுக்குனபடியே நின்னுரும், கொஞ்ச நாள்ல கிழிஞ்சுரும். மொறன்னு ஒண்ணு இருக்குல்ல. அவ அந்த ஸ்டூல்லயே உக்காந்திருந்தா. அழுகலை. அப்ப இருந்து பேசல.

நாங்க போறதுக்குள்ள எடுத்துட்டாங்களான்னா, இல்ல. எங்களுக்காக வச்சிருந்தாங்க. ஜெயக்கொடி ஆத்தா மொகத்தப் பாத்தா. கால்ல விழுந்தா. மூத்த மருமகன் செய்ய வேண்டிய மொற, கோடித்துணி, மாலை, ஒண்ணு விடாமச் செஞ்சேன். மச்சினன்கிட்டயும் எடுத்துச் சொன்னேன், போல்ட்டு எப்படிப் புடிச்சிருந்துச்சுன்னு. அவன் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான். பால் ஊத்தல, அவ்வளவுதான. அதுக்கு நாலு மாசமா ஒரு மனுசன ஊமையா வச்சுக் கொல்லணுமா? நீங்களே சொல்லுங்க.

என்ன, அதுக்குள்ள எந்திரிச்சுட்டீங்க? சின்ன வயசு, கல்யாணம் ஆகலை. ஆச்சுன்னாத் தெரியும்.

சரி, எறங்கிருச்சு பாருங்க வண்டி. எப்படி நிக்குது! ராசா மாதிரி. கொஞ்சம் ஆட்டி விடுங்க, அந்தப் பக்கம் புடிச்சு. ஆங், போதும். பட்டை உக்காரட்டும். இப்ப இறுக்குறேன். கொடைக்கானல் போயிட்டு வந்ததும் ஒருதரம் எல்லா போல்ட்டையும் முடுக்கிப் பாக்கணும், மறக்காதீங்க. திரும்பி வர்றப்ப இப்படியே வாங்க, நானே பாத்து விடுறேன். இந்தா, முடிஞ்சுது. கடைசி போல்ட்டு. எடுத்துக்கங்க சாவிய.

அது என்ன சத்தம்? பெட்டிய இழுக்குற மாதிரி... ஏ ஜெயக்கொடி! என்னது இது? எங்க கெளம்பிட்ட? அந்தக் கரி புடிச்ச சேலையவா கட்டியிருக்க? நல்லது ஒண்ணு கட்டக்கூடாதா?

கேட்டீங்களா தம்பி? கேட்டீங்களா! பேசிட்டா! "தங்கச்சி வீட்டுக்குப் போறேன், திருப்பூருக்கு"ன்னு சொல்றா! எங்கிட்டத்தான் சொன்னா, நீங்க பாத்தீங்கள்ல? எம்மொகத்தப் பாத்து! அட முருகா. நான் என்னத்தச் சொல்லுவேன். இரு இரு ஜெயக்கொடி, நானும் வர்றேன். கைய மட்டும் கழுவிக்கிறேன். அந்த மூலையில வெள்ள வண்டி ஒண்ணு தெறந்தபடி ஜாக்கியில நிக்குது, பின் பக்கம் ரெண்டு போல்ட்டுதான், அத மூடிட்டா ஒரேடியாக் கெளம்பிரலாம், ஒரு அரை மணி...

என்னது?

கேட்டீங்களா என்ன சொல்லிட்டான்னு? "நீங்க இருங்க, வண்டி தெறந்து கெடக்குல்ல"ங்குறா. யாரு சொல்றது? ஜெயக்கொடி சொல்றா! இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் தம்பி என் தொழில் அவளுக்குப் புரிஞ்சிருக்கு. நான் ஆடியிலேர்ந்து தவிச்சுக்கிட்டு இருக்கேன், இவ மனசுக்குள்ள எல்லாம் கரைஞ்சுதான் இருந்திருக்கு. போயிட்டு வா, போயிட்டு வா. தங்கச்சியப் பாத்தாத் தேறிருவ. ஒத்தையில போறதுன்னு நெனைக்காத, தம்பி தேனி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வருது. தம்பி, எறக்கி விட்டுருவீங்கள்ல? ஒங்க வழிதான். திருப்பூர் வண்டியிலயே ஏத்தி விட்டுருங்க, புண்ணியமாப் போகும்.

கொண்டா, பெட்டிய நான் ஏத்துறேன். அடேயப்பா! என்னத்தப் போட்டிருக்க, கல்லா? நாலு நாளைக்கு இம்புட்டுத் துணியா? புடிங்க தம்பி அந்தப் பக்கம். ஏத்தியாச்சு. பாருங்க, இந்தக் கனத்துக்கும் வண்டி ஒரு நூல் எறங்கல. அதான் புதுப் பட்டை. இது என்ன துண்டுல சுத்தி? மாமியா படமா? சுவத்துல இருந்ததக் கழட்டிட்டியா? ஓ, தங்கச்சிகிட்டக் காட்டப் போறியாக்கும். நல்லதுதான், கண்ணாடி ஒடையாம மடியில வச்சுக்க. அங்க திருப்பூர்ல நல்ல கண்ணாடி போடுறவன் இருந்தா பிரேமையும் மாத்திக் கொண்டா.

முன்னால உக்காரு, முன்னால. கதவ நல்லாச் சாத்து. வந்ததும் ஒரு போனப் போடு, முக்குல வந்து நிக்கிறேன். கார்த்திகத் தீபத்துக்குள்ள வந்துரு, என்ன? வெளக்கேத்த வீட்டுல ஆள் வேணும்ல.

தம்பி, மொதல்ல மெதுவாப் போங்க, வளைவுல ஒடிக்காதீங்க. ஒசந்த வண்டி, பழகுற வரைக்கும் ஆடும். போங்க, போங்க.

இருங்க, இருங்க! இது என்ன? ஏ ஜெயக்கொடி! வீட்டுச் சாவிய அலமாரியில அந்த போல்ட்டுக்குப் பக்கத்துல வச்சுட்டுப் போறியே! வந்தா எப்படி உள்ள போவ?

திரும்பிப் பாக்கமாட்டேங்குறா. சத்தத்துல காதுல விழுகல போல. சரி விடுங்க தம்பி, நீங்க எடுங்க. சாவி எதுக்கு அவளுக்கு? நான் எங்க போகப்போறேன், இங்கதான இருப்பேன்.